சுகர் மெஷின், பிபி மெஷின், கர்ப்பக் கிட்: மருந்துக்கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் மருந்துக்கடையில் 2020 வரைக்கும் சுகர் மெஷினும் பிபி மெஷினும் மேல்தட்டில்தான் கிடக்கும். யாராவது கேட்டால் ஸ்டூல் போட்டு ஏறி, தூசி தட்டி எடுத்துக் கொடுப்போம். கொரோனா இரண்டாம் அலையில் ஆக்சிமீட்டருக்கு வரிசை நின்றதற்கு அப்புறம் எல்லாம் கீழே இறங்கிவிட்டன. இப்போது கல்லாவுக்கு எதிரிலேயே அடுக்கி வைத்திருக்கிறோம். கேள்விகளும் அதற்கேற்பக் கூடிவிட்டன. தினமும் காதில் விழுபவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். நான் மருந்தாளுநர், டாக்டர் இல்லை. மாத்திரையைக் கூட்டுவது குறைப்பது பற்றி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

வீட்டில் என்னென்ன வாங்கி வைக்கணும்?

பெரும்பாலான வீடுகளுக்கு ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் வீட்டில் இருந்தால் பிபி மெஷின் உண்மையிலேயே உதவும். இன்சுலின் போடுகிறவர், சுகர் திடீரென்று இறங்கிவிடக்கூடிய மாத்திரை எடுக்கிறவர் இருந்தால் சுகர் மெஷின் வேண்டும். மற்றதெல்லாம் யோசித்து வாங்க வேண்டியவை.

சுகர் மெஷின் கேட்டு வருகிறவரிடம் நான் ஒன்று கேட்பேன்: "சார், 250 காட்டினா என்ன செய்வீங்க?" "டாக்டர் இதைச் சொல்லியிருக்கார்" என்று பதில் வந்தால் எடுத்துக் கொடுத்துவிடுவேன். "சும்மா தெரிஞ்சுக்கலாம்னுதான்" என்றால் முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொல்வேன். விற்பனை போகிறதே என்று என் தம்பி முறைப்பான். ஆனால் அந்த மெஷின் இரண்டு மாதத்தில் பீரோவுக்குள் போய்விடும் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

தேவை இல்லை என்று சொல்லவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) நடத்தி 2023-இல் வெளியான 'இண்டியாப்' (INDIAB) ஆய்வின்படி நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேர். நோயின் வாசலில் நிற்கிறவர்கள் இன்னொரு 13 கோடியே 60 லட்சம். சந்தை இவ்வளவு சூடாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

மெஷினை இவ்வளவு குறைந்த விலைக்கு, சில நேரம் சும்மாவே தருகிறார்களே, எப்படிக் கட்டுப்படியாகிறது?

போனைக் குறைந்த விலைக்குக் கொடுத்து ரீசார்ஜில் பிடிக்கிறார்களே, அதே வியாபாரம்தான். லாபம் மெஷினில் இல்லை, ரத்தத்துளி வைக்கிற ஸ்ட்ரிப்பில் இருக்கிறது. ஒரு கம்பெனி ஸ்ட்ரிப் இன்னொரு கம்பெனி மெஷினில் நுழையாது. மெஷினை வாங்கிய அன்றே நீங்கள் அந்தக் கம்பெனியின் நிரந்தர வாடிக்கையாளர்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்ட்ரிப் ஒன்று 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், தினம் இரண்டு முறைக்கு 40 ரூபாய், வருஷத்துக்கு 14,600 ரூபாய். 800 ரூபாய் மெஷினில் 100 ரூபாய் தள்ளுபடிக்காகக் கடை கடையாக அலைந்தவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதே இல்லை. அதனால் பெட்டியைத் தொடுவதற்கு முன் ஸ்ட்ரிப் விலையைக் கேளுங்கள். உங்கள் ஊரில் இரண்டு கடையிலாவது அந்த ஸ்ட்ரிப் கிடைக்கிறதா என்றும் பாருங்கள். கல்யாணத்தில் பரிசாக வந்தது, சிங்கப்பூரிலிருந்து மகன் அனுப்பியது என்று கொண்டு வருவார்கள். மெஷின் அருமையாக இருக்கும், ஸ்ட்ரிப்தான் இங்கே கிடைக்காது.

லேபில் 142, வீட்டு மெஷினில் 158. எது பொய்?

இரண்டுமே பொய் இல்லை. இந்த ஒரு கேள்விக்காகவே வாரத்துக்கு ஒருவராவது மெஷினைத் திருப்பிக் கொடுக்க வருகிறார்.

சுகர் மெஷினுக்கு, அதாவது குளுக்கோமீட்டருக்கு, ஐஎஸ்ஓ 15197 என்று ஒரு சர்வதேசத் தரம் இருக்கிறது. 2013-இல் அதைத் திருத்தியபோது சொன்னது இது: சுகர் 100-க்குக் கீழே இருந்தால் லேப் அளவிலிருந்து 15 பாயின்ட் வரை கூடக் குறைய இருக்கலாம், 100-க்கு மேலே என்றால் 15 சதவீதம் வரை. நூற்றுக்கு 95 முறை இதற்குள் வந்தால் மெஷின் பாஸ். அந்தக் கணக்கில் லேப் 142-க்கு வீட்டு மெஷின் 121-இலிருந்து 163 வரை எதைக் காட்டினாலும் அது நல்ல மெஷின்தான்.

அது போக, லேபில் எடுப்பது நரம்பு ரத்தம், வீட்டில் எடுப்பது விரல் நுனி ரத்தம். வெறும் வயிற்றில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். சாப்பிட்ட பின் விரல் ரத்தத்தில் 20, 30 பாயின்ட்கூடக் கூடுதலாக இருக்கலாம். இன்னொன்று யாரும் நினைத்துப் பார்க்காதது: எடுத்த ரத்தம் குழாயில் காத்திருக்கும்போது அதிலுள்ள அணுக்களே சர்க்கரையைத் தின்றுகொண்டிருக்கும். ஒழுங்காகப் பக்குவப்படுத்தாமல் வைத்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். ஒப்பிட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் காலை வெறும் வயிற்றில், லேபில் ரத்தம் கொடுத்த சில நிமிடங்களுக்குள் விரலில் குத்திப் பாருங்கள்.

கை சுத்தம் இதையெல்லாம் விடப் பெரிய விஷயம். ஒரு வைகாசி மாதம், ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் பதறிப்போய் வந்தார். மெஷின் 312 காட்டியதாம். கையை மோந்து பார்த்தேன், மாம்பழ வாசனை. நறுக்கிச் சாப்பிட்டுவிட்டு வேட்டியில் துடைத்திருக்கிறார். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தோம். 148. விரலில் ஒட்டியிருந்த பழச்சாறும் சேர்ந்து கணக்கில் வந்திருந்தது. சானிடைசர் போதாது. அது கிருமியைக் கொல்லும், சர்க்கரையை அகற்றாது. கையில் ஈரம் இருந்தாலும் ரத்தம் நீர்த்துப்போய் அளவு தப்பும்.

ஸ்ட்ரிப்பை ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?

வேண்டாம். ஸ்ட்ரிப்புக்கு எதிரி ஈரம். வந்த டப்பாவிலேயே, மூடியை உடனுக்குடன் இறுக்கி மூடி வையுங்கள். வேறு டப்பாவுக்கு மாற்றாதீர்கள். திறந்த தேதியை டப்பா மேல் பேனாவால் எழுதுங்கள். திறந்தபின் எத்தனை மாதம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், லேபிளில் போட்டிருப்பார்கள். ஆன்லைனில் பாதி விலைக்கு வருகிற ஸ்ட்ரிப் பெரும்பாலும் காலாவதி நெருங்கிய சரக்கு. வாரத்துக்கு ஒருமுறை பார்க்கிறவர் அதில் 50 வாங்கினால் பாதி குப்பைக்குத்தான் போகும்.

பிபி மெஷின் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு நம்பர் காட்டுது. மெஷின் போயிடுச்சா?

பத்தில் எட்டு முறை மெஷின் நன்றாகத்தான் இருக்கும். பிரஷர் என்பது உயரம் மாதிரி நிலையான அளவு இல்லை. பஸ்ஸைத் துரத்திப் பிடித்தால் ஏறும், பிள்ளையைத் திட்டினால் ஏறும், சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் ஏறும்.

கடையில் நடப்பதைச் சொல்கிறேன். வெயிலில் நடந்து வந்தவர் ஸ்டூலில் உட்காருவார். சட்டைக் கைமேலேயே பட்டையைச் சுற்றச் சொல்வார். மெஷின் ஓடும்போதே மருமகள் கதை ஆரம்பமாகும். 168 காட்டும். முகம் வெளுத்துவிடும். அவரையே நாற்காலியில் முதுகைச் சாய்த்து, கால் மேல் கால் போடாமல், பாதம் தரையில் படும்படி, பேச்சில்லாமல் ஐந்து நிமிடம் உட்கார வைத்து, வெறும் கையில் பட்டையைக் கட்டி, கையை மேசைமேல் நெஞ்சு உயரத்தில் வைத்துப் பார்த்தால் 140-க்குக் கீழே இறங்கியதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். காபி, பீடி, சிகரெட் எதுவானாலும் அரை மணி நேரம் போகட்டும்.

டாக்டரிடம் போவதற்கு முந்தின ஏழு நாள், காலையில் மாத்திரைக்கு முன்பும் இரவிலும், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டிரண்டு முறை பார்த்து நோட்டில் எழுதுங்கள். முதல் நாள் கணக்கை விட்டுவிட்டு மீதிக்குச் சராசரி எடுப்பார்கள். வீட்டு அளவுக்கு வரம்பு 135-க்கு 85. டாக்டர் அறையில் 140-க்கு 90 என்பார்கள். வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே சிலருக்கு ஏறிவிடுகிறது என்பதால்தான் இந்த வித்தியாசம். இதற்கு நேர்மாறாக, டாக்டர் முன்னால் நன்றாக இருந்து வீட்டில் ஏறுகிறவர்களும் உண்டு. அவர்களைக் கண்டுபிடிக்க வீட்டு மெஷின் நல்ல வழி. பிபி மெஷினை நான் மனசாரச் சிபாரிசு செய்வது இதனால்தான்.

வாங்கும்போது மெமரி, புளூடூத் எல்லாம் அப்புறம் பாருங்கள். முதலில் பட்டை அளவு. மேல்கையின் நடுப்பகுதியைத் தையல்காரர் டேப்பால் அளந்துகொண்டு வாருங்கள். சாதாரணப் பட்டைகள் பெரும்பாலும் 22 முதல் 32 சென்டிமீட்டர் கைக்கானவை. பருத்த கையில் சின்னப் பட்டையைக் கட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும். மணிக்கட்டில் கட்டுகிற மெஷின் பயணத்துக்கு வசதிதான், ஆனால் கை நெஞ்சு உயரத்திலிருந்து கொஞ்சம் இறங்கினாலே கணக்கு மாறும், அதனால் நான் எடுத்துக் கொடுப்பதில்லை. இதயத் துடிப்பு தாறுமாறாக இருப்பவர்களுக்கு எந்தத் தானியங்கி மெஷினும் தடுமாறும். அவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு வாங்கட்டும்.

கொரோனாவில் வாங்கிய ஆக்சிமீட்டரை என்ன செய்வது?

முதலில் உள்ளே இருக்கும் பேட்டரியைக் கழற்றுங்கள். கடைக்கு வருகிற பழைய ஆக்சிமீட்டர்களில் பாதிக்கு நோய் பேட்டரி கசிந்து பச்சை பூத்ததுதான். ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் நோய் இருக்கிற வீட்டில் அதற்கு வேலை இருக்கிறது. மற்றவர்களுக்கு அவசரம் இல்லை.

விரலுக்குள் ஒளி பாய்ச்சி ரத்தத்தின் நிறத்தைப் படிக்கிற இந்த முறையை 1970-களில் கண்டுபிடித்தவர் ஜப்பானியப் பொறியாளர் தாகுவோ அவோயாகி. அவர் இறந்தது 2020 ஏப்ரலில், உலகமே அவர் கருவியைத் தேடி ஓடிக்கொண்டிருந்த நேரத்தில். ஒளியை நம்பும் கருவி என்பதால் நிறம் குறுக்கே வரும். கருத்த தோலில் உண்மையைவிடக் கூடுதலாக ஆக்சிஜன் காட்டக்கூடும் என்று 2020 டிசம்பரில் அமெரிக்க ஆய்வு ஒன்று சொன்னது, அடுத்த சில மாதங்களில் அங்குள்ள மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ-வும் எச்சரித்தது. நம் ஆட்கள் இதைக் கவனிக்க வேண்டும். 95 காட்டுகிறது, ஆனால் மூச்சு இழுக்கிறது என்றால் மூச்சைத்தான் நம்ப வேண்டும். மருதாணி, நகப்பூச்சு, சில்லிட்ட விரல் எல்லாமே அளவைக் கெடுக்கும்.

குத்தாமலே சுகர் காட்டுகிற வாட்ச் இருக்காமே?

விற்கிறார்கள், வாங்காதீர்கள். தோலைத் துளைக்காமல் தானாகவே ரத்தச் சர்க்கரையை அளக்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று 2024 பிப்ரவரியில் எஃப்டிஏ வெளிப்படையாகவே சொன்னது. அந்த நம்பரைப் பார்த்து இன்சுலின் அளவை மாற்றினால் உயிருக்கே ஆபத்து. பந்தயத்துக்கு ஒன்றைத் தம்பி வாங்கிப் பார்த்தான். கையில் கட்டினால் 104. வாழைப்பழத்தில் கட்டினோம், அதற்கும் 99 என்றது.

நல்ல கம்பெனி வாட்சுகளில் வரும் ஈசிஜி வேறு விஷயம். துடிப்பு ஒழுங்கு தப்புவதை அது பிடிக்கும். மாரடைப்பைப் பிடிக்காது. நெஞ்சு வலிக்கும்போது வாட்சைப் பார்த்துக்கொண்டு உட்காராமல் 108-க்குப் போன் போடுங்கள். பிரஷர் காட்டுகிற சாம்சங் வாட்சைக்கூட 4 வாரத்துக்கு ஒருமுறை கைப்பட்டை மெஷினோடு ஒத்துப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும் என்று கம்பெனியே சொல்கிறது. அதாவது மெஷின் எப்படியும் வேண்டும்.

கையில் ஒட்டிக்கொள்கிற சென்சார்?

அது உண்மையான கருவி. ரூபாய்க் காசு அளவுள்ள வில்லை, மெல்லிய இழை ஒன்று தோலுக்கடியில் இருக்கும். 14 நாள் வரை உழைக்கும், போனிலேயே கோடு கோடாகக் காட்டும். அளப்பது ரத்தத்தை இல்லை, அணுக்களுக்கு இடையே உள்ள நீரை. அதனால் ரத்தத்தில் ஏறி இறங்குவது இதில் தெரியச் சில நிமிடங்கள் ஆகும். மயக்கம் வருகிறது, சென்சார் 90 காட்டுகிறது என்றால் விரலில் குத்திச் சரிபாருங்கள்.

இன்சுலின் போடும் குழந்தைகளுக்கும், தூக்கத்தில் சுகர் இறங்கிவிடும் பெரியவர்களுக்கும் இது வரப்பிரசாதம். ஒரு சென்சாருக்குச் சில ஆயிரம் ரூபாய், அதுவும் இரண்டே வாரத்துக்கு. சுகரே இல்லாதவர்கள் இட்லிக்கு எவ்வளவு ஏறுகிறது, பொங்கலுக்கு எவ்வளவு என்று பார்க்க வாங்குகிறார்கள். சாப்பிட்டால் கொஞ்சம் ஏறத்தான் செய்யும், அது உடம்பு வேலை செய்வதன் அடையாளம். கோட்டைப் பார்த்துவிட்டுச் சோற்றை நிறுத்திய ஓர் இளைஞனை அவன் அம்மாவே கடைக்கு இழுத்து வந்து, "நீங்களாவது சொல்லுங்கண்ணே" என்றார்.

999 ரூபாய்க்கு வீட்டுக்கே வந்து 70 டெஸ்ட் எடுக்கிறார்களாம். செய்யலாமா?

சாதாரண அளவு என்று ரிப்போர்ட்டில் போடுகிறார்களே, அது பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் அடங்கும் எல்லை. மீதி 5 சதவீதம் பேர் நோயில்லாமலே வெளியே நிற்பார்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 டெஸ்ட் எடுத்தால், நூறு சதவீதம் நலமாக இருப்பவருக்கும் ஏதாவது ஒன்றாவது சிவப்பில் வர 64 சதவீத வாய்ப்பு. 70 எடுத்தால் கேட்கவே வேண்டாம். அந்தச் சிவப்பு எழுத்துக்கு ஸ்கேன், அதற்கு ஒரு ஸ்பெஷலிஸ்ட் என்று 999 எங்கேயோ போய் நிற்கும். டாக்டர் எழுதிக் கொடுத்த நாலு டெஸ்டை மட்டும் வீட்டிலேயே எடுக்கச் சொல்லுங்கள். நடக்க முடியாத பெரியவர்களுக்கு அது பெரிய வசதி. மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி பார்க்கும்போது ரத்தசோகை இருந்தால் சொல்லிவிடுங்கள், அது கணக்கைக் கலைக்கும்.

கர்ப்பப் பரிசோதனைக் கிட்டை எப்போது பார்த்தால் சரியாக இருக்கும்?

இந்தக் கேள்வி எப்போதும் குரலைத் தாழ்த்தித்தான் வரும். பேப்பரில் சுற்றிக் கொடுக்கச் சொல்வார்கள். அப்படியே கொடுப்போம், யார் என்ன என்று கேட்க மாட்டோம்.

கருப் பதிந்த பிறகு சுரக்கும் ஹெச்சிஜி என்ற ஹார்மோன் சிறுநீரில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் கிட். தேதி தள்ளிப்போன பிறகு, காலை முதல் சிறுநீரில் பாருங்கள். சீக்கிரம் பார்த்தால் ஒற்றைக் கோடு வரலாம், அதை நம்பிவிடாமல் இரண்டு மூன்று நாள் கழித்து இன்னொரு முறை பாருங்கள். அட்டையில் போட்டிருக்கும் நேரத்துக்குள் படித்துவிட வேண்டும். குப்பைத்தொட்டியிலிருந்து சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் தெரியும் மங்கல் கோட்டுக்கு மதிப்பில்லை. நேரத்துக்குள் மங்கலாக இரண்டாம் கோடு வந்தால் ஆம் என்றே வைத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள். கூடவே ஒரு பக்கமாக வயிற்று வலி, உதிரப்போக்கு இருந்தால் அன்றே போக வேண்டும்.

வீட்டில் பார்க்கும்படியான கிட்டை 1967-இல் முதலில் வடிவமைத்தவர் மார்கரெட் கிரேன். மருந்துக் கம்பெனி ஒன்றில் அழகுசாதனப் பெட்டிகளுக்குப் படம் வரைய வேலைக்கு வந்தவர். பெண்களிடமே இதைக் கொடுப்பதா என்ற தயக்கத்தில் அமெரிக்கக் கடைகளுக்கு வர இன்னும் பத்து வருஷம் பிடித்தது.

எம்ஆர்பி 2,999, விலை 899 என்கிறார்கள். நம்பலாமா?

899-தான் அதன் விலை. மீதி அட்டையில் அச்சடித்த கற்பனை. 2021 ஜூலையில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் ஆக்சிமீட்டர், பிபி மெஷின், குளுக்கோமீட்டர், நெபுலைசர், டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஐந்துக்கும் வியாபார லாபம் 70 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று வரம்பு வைத்தது. உடனே பெரும்பாலான பிராண்டுகள் எம்ஆர்பியைக் குறைத்தன. அதுவரை எவ்வளவு வைத்திருந்தார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். கடைக்காரனான எனக்கும் அதில் பங்கு வந்துகொண்டுதான் இருந்தது, மறைப்பானேன். 2025 செப்டம்பர் 22 முதல் குளுக்கோமீட்டர், ஸ்ட்ரிப் மீதான ஜிஎஸ்டி 12-இலிருந்து 5 சதவீதமாகவும், தெர்மாமீட்டருக்கு 18-இலிருந்து 5 ஆகவும் இறங்கியிருக்கிறது. பில்லில் பாருங்கள்.

இவை எல்லாம் சட்டப்படி மருத்துவக் கருவிகள். பெட்டியில் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, உரிம எண், பேட்ச் எண் இருக்க வேண்டும். வெறும் படமும் பெரிய எழுத்தில் விலையும் மட்டும் இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். பில் வாங்குங்கள். வாரண்டிக்காக ஒரு ஆன்லைன் விற்பனையாளரிடம் நான் மூன்று மாதம் போராடியதில் கடைசியில் கைகொடுத்தது பில்லும் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணும்தான்.

இதெல்லாம் வாங்க வசதி இல்லை. என்ன செய்ய?

வாங்காமலே பார்த்துக்கொள்ளலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. அதில் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்த்து மாத்திரையும் கொடுக்கிறார்கள். உங்கள் தெருவுக்கு யார் வருகிறார் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். எங்கள் தெருவுக்கு வரும் அக்கா பட்டையைக் கட்டும் முன் "பேசாம உட்காருங்க" என்று அதட்டுவார். மெஷினோடு வரும் புத்தகத்தில் பாதி அந்த ஒரு அதட்டலில் இருக்கிறது.

குத்திய ஊசியை எங்கே போடுவது?

ஒருவர் ஊசியை இன்னொருவருக்குப் போடவே கூடாது, புருஷன் பெண்டாட்டியாக இருந்தாலும். மஞ்சள் காமாலைக் கிருமி அதில் பரவும். பயன்படுத்தியதைக் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடி வையுங்கள், பழைய ஹார்லிக்ஸ் டப்பாகூடப் போதும். நிறைந்ததும் மேலே "ஊசி" என்று தமிழில் பெரிதாக எழுதி, மக்கும் குப்பையோடும் மக்காத குப்பையோடும் கலக்காமல், வீட்டு அபாயக் கழிவு என்று சொல்லித் தனியாகக் கொடுங்கள். குப்பையைப் பிரிக்கிறவர்கள் பெரும்பாலும் வெறுங்கையால்தான் பிரிக்கிறார்கள்.